மிளகு மூட்டை, மோட்டல், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்

உடையார்பாளையத்தில் யாரிடமாவது "மோட்டல்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே முகம் சுளிப்பார்கள். ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து சென்னை போகிறவர்களுக்கு மோட்டல் என்றால் ஒரே அர்த்தம்தான். நல்ல தூக்கத்தில் இருக்கும்போது பஸ் நிற்கும். "பத்து நிமிஷம் நிக்கும், டீ காபி சாப்பிடறவங்க எறங்கி சாப்பிடலாம்" என்று கண்டக்டர் தகரத்தைத் தட்டுவார். கண்ணைக் கூசும் டியூப்லைட், காதைக் கிழிக்கும் பாட்டு, காசு கொடுத்துப் போகும் கழிவறை, ஆறிப்போன தோசை, ஊர் விலையைவிட ஒரு பங்கு கூடுதலாக டீ. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மட்டும் உள்ளே தனியாகச் சூடாகப் பரிமாறுவார்கள். (அது ஏன் என்று தெரிந்துகொள்ள பி.காம். படிக்க வேண்டியதில்லை :-) )

மோட்டார் + ஹோட்டல் = மோட்டல். காரில் வருகிறவர் வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு ஒரு ராத்திரி தங்கிப் போகும் விடுதி என்பதுதான் சொல்லின் பொருள். 1925 டிசம்பரில் கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில் ஆர்தர் ஹைன்மன் என்ற கட்டடக் கலைஞர் திறந்த 'மைல்ஸ்டோன் மோ-டெல்'தான் இந்தப் பெயரோடு வந்த முதல் விடுதி என்கிறார்கள். அந்தச் சொல் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதிலிருந்த அறையும் கட்டிலும் வழியிலேயே இறங்கிவிட்டன. 'ஓட்டல்' என்ற சொல்லுக்கும் இதே கதிதானே. இங்கே ஓட்டல் என்றால் இட்லி கிடைக்கும் இடம். படுக்க வேண்டுமென்றால் 'லாட்ஜ்' என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் உடையார்பாளையம் வழிப்போக்கர்களைப் பற்றித் தெரியாத ஊர் இல்லை. ஊரின் பெரிய கோயில் பயறணீஸ்வரர் கோயில். அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் கதையே ஒரு வழிப்போக்கு வியாபாரியின் கதை. மிளகு மூட்டைகளோடு வருகிறான். மிளகுக்குச் சுங்கம் உண்டு, பயறுக்குக் கிடையாது. "எல்லாம் பயறு மூட்டைதான்" என்று சொல்லித் தப்பித்துவிடுகிறான். பிறகு அவிழ்த்துப் பார்த்தால் நிஜமாகவே எல்லாம் பயறு! அழுது புரண்டு வேண்டிக்கொண்ட பிறகு பழையபடி மிளகாகிறது. வரி ஏய்ப்பு வழக்கில் சாமியே நேரில் வந்து ரெய்டு நடத்தி, மன்னித்தும் விட்ட ஊர் வேறெங்காவது இருக்கிறதா தெரியவில்லை.

அந்தக் காலத்து வியாபாரிக்கும் யாத்ரீகருக்கும் சத்திரங்கள் இருந்தன. காவிரிக்குத் தெற்கே தஞ்சை மராட்டியர்கள் கட்டியவை பெயர் போனவை. இரண்டாம் சரபோஜி காலத்தில் 1802ல் ஒரத்தநாட்டில் எழுந்த முக்தாம்பாள் சத்திரம் அதில் ஒன்று. வருகிறவருக்குச் சோறு இலவசம். எப்படிக் கட்டுப்படியாகும்? சத்திரத்துக்கென்று நிலம் எழுதி வைத்துவிடுவார்கள். நிலத்தில் விளைந்தது அடுப்புக்குப் போகும். அதாவது முதலில் நிலம், பிறகு சோறு. இந்த வரிசையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இதே வரிசை தலைகீழாக இருந்த ஒரு கடையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கதீட்ரல் ரோட்டில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962ல் திறந்து 2008ல் மூடியது. இப்போது இருபது வயதில் இருக்கிற யாருக்கும் அது நினைவில் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் சென்னையில் ஐம்பது வயதைத் தாண்டிய மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் ஒருமுறை பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அரை மணி நேரம் நிறுத்த மாட்டார்.

கடையைத் தொடங்கியவர் கே. கிருஷ்ணராவ். 1898ல் தென் கன்னடத்தில் ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மெட்ராஸுக்கு வந்து ஓட்டல் சமையற்கட்டில் எடுபிடி வேலையில் ஆரம்பித்து, பிறகு மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸ் நடத்தும் அளவுக்கு வளர்ந்தார். 1938ல் ராயப்பேட்டையில் ஒரு பெரிய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, தங்கும் அறைகளோடு ஓட்டல் ஆரம்பித்தார். அந்த பங்களாவின் பெயர் 'உட்லண்ட்ஸ்'. ஓட்டலுக்கும் அதுவே பெயராகிவிட்டது. உடுப்பிக்கும் இல்லாத, மெட்ராஸுக்கும் இல்லாத ஒரு இங்கிலீஷ் பெயர் சாம்பாரோடு ஒட்டிக்கொண்ட கதை இதுதான். யாரோ ஒருவர் வீட்டு வாசலில் இருந்த பெயர் அது!

பிறகு 1952ல் மயிலாப்பூரில், அப்போது எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்று அழைக்கப்பட்ட, இப்போதைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் வந்தது. பங்களா பின்னால் நின்றுவிட்டது, பெயர் கூடவே வந்தது. பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தில் 'நற்பெயர்' என்று ஒரு பாடம் வருமே, புலனாகாச் சொத்து என்று வரையறை எழுதி மனப்பாடம் செய்வோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரு கடையின் கட்டடத்தையும் மேஜை நாற்காலிகளையும் கழித்துவிட்ட பிறகும் மிச்சமிருப்பது. அதைத் தூக்கிக்கொண்டு தெரு மாறலாம், ஊர் மாறலாம். உட்லண்ட்ஸ் என்ற பெயர் கடல் கடந்தும் போயிருக்கிறது.

1962ல் கிருஷ்ணராவ் செய்த காரியம் கொஞ்சம் விசித்திரமானது. கதீட்ரல் ரோட்டில் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் இருந்த நிலத்தில், மரங்களுக்கு நடுவே, கார்களுக்கென்று ஒரு ஓட்டல். சங்கம் 1835ல் தொடங்கியது, ஆகவே அங்கிருந்த மரங்களுக்கும் வயது ஜாஸ்தி. நிலம் குத்தகை. கார் உள்ளே வந்து மர நிழலில் நிற்கும். சர்வர் வந்து ஆர்டர் எடுப்பார். கார் ஜன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போவார். உள்ளே உட்கார்ந்தபடியே நெய் ரோஸ்ட்.

இது அமெரிக்கச் சரக்கு. 1921லேயே டெக்சஸ் மாநிலம் டல்லஸில் 'பிக் ஸ்டாண்ட்' என்ற கடை இப்படி ஆரம்பித்துவிட்டது. அங்கே வீட்டுக்கு வீடு கார். மெட்ராஸில் 1962ல்? அம்பாசிடர், ஃபியட், மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இவ்வளவுதான் தேர்வு. அதற்கும் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கார் வைத்திருப்பவர்களை எண்ணிவிடலாம் என்ற ஊரில் கார்க்காரர்களுக்கென்று ஓட்டல் திறப்பது வியாபார புத்தியா, இல்லை அசட்டுத் துணிச்சலா? மார்க்கெட்டிங் வகுப்பில் கேட்டால் 'இலக்கு வாடிக்கையாளர் மிகக் குறைவு' என்று சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு மார்க்கைக் குறைத்திருப்பார்கள்.

ஆனால் நடந்தது வேறு. கார்க்காரர்களுக்காகத் திறந்த இடத்தைக் காரில்லாதவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஸ்கூட்டரில் வந்தார்கள், சைக்கிளில் வந்தார்கள், ஜெமினி பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார்கள். உள்ளே கூரை போட்ட பகுதியில் மேஜை நாற்காலி இருந்தது. சினிமாவுக்குக் கதை பேசுகிறவர்கள், பரீட்சைக்குச் சேர்ந்து படிக்கும் கல்லூரிப் பையன்கள், பெண் பார்க்கிற விஷயத்தை நாசூக்காக முடிக்க வந்த குடும்பங்கள், காலை நடை முடித்த பெரியவர்கள். இவர்களுக்கெல்லாம் மேலாக மெடிக்கல் ரெப்புகள். டாக்டர்களைப் பார்க்கும் நேரத்துக்கு இடையில் பையை வைத்து உட்கார, ரிப்போர்ட் எழுத, கம்பெனி ஆளைச் சந்திக்க அவர்களுக்கு அதுதான் ஆபீஸ். வாடகை ஒரு காபி.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஓட்டல் தொழிலில் லாபம் எங்கே என்று எந்த முதலாளியைக் கேட்டாலும் ஒரே பதில் வரும். மேஜை காலியாக வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரே மேஜையில் எத்தனை பேர் மாறி மாறி உட்கார்ந்து எழுந்தார்கள் என்பதுதான் கணக்கு. அதனால்தான் சாப்பிட்டு முடிப்பதற்குள் பில் வந்துவிடுகிறது, துடைக்கிற பையன் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறான், அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் நின்று முதுகைப் பார்க்கிறார். டிரைவ்-இன்னில் இந்த அவசரம் இல்லை என்பதைத்தான் அங்கே போனவர்கள் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். சாம்பார் வடை, பூரி, காபி எல்லாம் அப்புறம்தான் பேச்சில் வரும். (எந்த ஐட்டம் சூப்பர் என்பதில் மட்டும் இரண்டு பேர் ஒத்துப்போவதே இல்லை.)

அந்த அவசரமின்மைக்கு யார் செலவு செய்தார்கள்? ஒரு கார் உள்ளே வந்து, கதவு திறந்து, திரும்பி வெளியே போக எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டால், அதே இடத்தில் தாராளமாக நாலு மேஜை போட்டுப் பதினாறு பேரை உட்கார வைத்துவிடலாம். மரத்துக்கு விட்ட இடம் தனி. சென்னையின் நடுவே, நிலத்தை அன்றைய சந்தை விலைக்கு வாங்கி, அதற்கு வட்டியும் கட்டி, இப்படி ஒரு கடையை யாராலும் நடத்த முடியாது. ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்காரலாம் என்றால், பழைய குத்தகையும் பழைய மரங்களும் சேர்ந்து அந்த வித்தியாசத்தைக் கட்டிக்கொண்டிருந்தன என்று அர்த்தம். சத்திரத்தில் நிலம் சோற்றுக்குக் கட்டுப்பட்டிருந்தது. இங்கே சோறு நிலத்தின் தயவில் இருந்தது. வரிசை தலைகீழ் என்று முன்னே சொன்னது இதைத்தான்.

கடை திறந்த புதிதில் கதீட்ரல் ரோடு இப்போதிருக்கும் கதீட்ரல் ரோடு இல்லை. 1973ல் பக்கத்தில் அண்ணா மேம்பாலம் வந்தது. சுற்றிலும் பெரிய ஓட்டல்களும் அலுவலகங்களும் வளர்ந்தன. நிலத்தின் மதிப்பு ஏற ஏற, அதில் தோசை வார்த்துக்கொண்டிருப்பது பலருக்கும் உறுத்த ஆரம்பித்தது. 1989ல் அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்று தமிழக அரசு முடிவெடுத்தது. அதற்குப் பிறகு ஆட்சிகள் மாறின, முடிவுகள் மாறின, வழக்குகள் நடந்தன. சண்டை அரசுக்கும் சங்கத்துக்கும். ஓட்டல் நடுவில் மாட்டிக்கொண்டது. காபி மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது.

நிலம் எடுப்பு, அதன் மேல் வழக்கு என்பதெல்லாம் உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்கென்று 1990களில் எடுத்த நிலங்களின் விவகாரம் இருபது வருடத்துக்கும் மேல் இழுத்தது. நிலமும் முழுதாகக் கையில் இல்லை, பணமும் முழுதாகக் கையில் இல்லை, திட்டமும் வரவில்லை. அப்படிப் பார்த்தால் பத்தொன்பது வருடம் காபி விற்றுக்கொண்டே வழக்கைக் கடந்தது பெரிய விஷயம்தான்.

2008ல் முடிந்தது. நிலம் அரசின் கைக்குப் போனது, டிரைவ்-இன் மூடப்பட்டது. நாற்பத்தாறு வருடம். அந்த சமயத்தில் பத்திரிகைகளிலும் வலைப்பூக்களிலும் வந்த இரங்கல் குறிப்புகளைப் பார்த்தால் யாரோ தலைவர் இறந்துவிட்டார் போலிருக்கும்.

அரசு செய்தது தவறா? அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிட முடியாது. பொது நிலம். அதில் ஒரு தனியார் கடை குறைந்த குத்தகையில் நாற்பது வருடத்துக்கும் மேல் இருந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் இல்லை என்றாலும், காபிக்குக் காசு இல்லாதவர் உள்ளே வந்திருக்க முடியாது. அந்த இடத்தில் அரசு மாலோ அடுக்குமாடியோ கட்டவும் இல்லை. சுமார் 20 ஏக்கரில் ஒரு தாவரவியல் பூங்கா அமைத்தது. பெயர் செம்மொழிப் பூங்கா. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த அதே 2010ல், நவம்பர் 24ஆம் தேதி அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். பழைய மரங்களில் நிறைய அப்படியே விட்டுவைக்கப்பட்டன. 1962ல் எந்த நிழலில் ஹெரால்டு நின்றதோ அதே நிழலில் இப்போது குழந்தைகள் ஓடுகின்றன. வீட்டில் பால்கனிகூட இல்லாத குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புல்லைப் பார்க்க வருகின்றன. இதைக் குறை சொல்ல மனசு வராது.

இருந்தாலும் ஒன்று. பூங்காவுக்கு டிக்கெட் உண்டு, திறக்கும் நேரம் மூடும் நேரம் உண்டு. மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. மேஜை இல்லை. பையைத் திறந்து காகிதங்களைப் பரப்பி வைத்து எழுத முடியாது. சண்டை போட்டுப் பிரிந்த இரண்டு நண்பர்களை மூன்றாமவன் ஒருவன் கூட்டிவந்து, "முதல்ல மூணு காபி" என்று சொல்லிப் பேச்சை ஆரம்பிக்க முடியாது. இந்த மாதிரி காரியங்களுக்கு இன்று இருப்பது ஏ.சி. போட்ட காபி ஷாப்கள். அங்கேயும் மணிக்கணக்கில் உட்காரலாம்தான், ஆனால் அந்த உட்காரும் நேரத்துக்கான வாடகை காபி விலையிலேயே ஏறியிருக்கும். கையில் நூறு ரூபாய் வைத்துக்கொண்டு கல்லூரிப் பையன்கள் நாலு பேர் அங்கே நுழைய மாட்டார்கள்.

அமெரிக்காவில் இந்த வகைக் கடைகளைக் கொன்றது நிலமில்லை, சாலை. 1956ல் அங்கே தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்து, ஊருக்குள் நுழையாத அகலச் சாலைகள் போடப்பட்டன. பழைய சாலையோர மோட்டல்களுக்கு வண்டி வருவது நின்றுபோனது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தில் அந்தப் பயங்கர மோட்டல் ஏன் ஆளில்லாமல் கிடக்கிறது? புது நெடுஞ்சாலை அந்தப் பக்கம் வரவில்லை, அதனால்தான். ஒருகாலத்தில் ஆயிரம் இடங்களுக்கு மேல் கிளை வைத்திருந்த ஹோவர்ட் ஜான்சன்ஸ் என்ற சாலையோர உணவகத்தின் கடைசிக் கடை 2022ல் மூடப்பட்டது. அந்தப் பெயர் மட்டும் இப்போது தங்கும் விடுதிகளின் பலகையில் இருக்கிறது.

அரியலூர் - ஜெயங்கொண்டம் சாலையிலும் இதன் சிறு வடிவத்தைப் பார்க்கலாம். சிமெண்ட் ஆலைகள் உள்ள மாவட்டம், லாரிக்குக் குறைவில்லை. லாரி எங்கே ஒதுங்கி நிற்க வசதியிருக்கிறதோ அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பாய்லர், இரண்டு பெஞ்சு முளைத்துவிடும். சாலையை அகலப்படுத்த அளவு எடுக்க ஆள் வந்தால் கொட்டகை பத்தடி பின்னால் போகும். பைபாஸ் வந்தால் பைபாஸுக்கே போகும். பாய்லரைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பழக்கப்பட்ட புளியமரத்தை என்ன செய்வது?

கதீட்ரல் ரோட்டுக் கதை 2008லும் முடியவில்லை, 2010லும் முடியவில்லை. செம்மொழிப் பூங்காவுக்கு எதிர்ப்பக்கம் அதே தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் மீதமிருந்த ஆறு ஏக்கர் சொச்சம் நிலத்தையும் அரசு 2023ல் மீட்டது. 2024 அக்டோபரில் அங்கே கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தாயிற்று. கம்பியில் தொங்கியபடி மரங்களுக்கு மேலே பறந்து போகும் 'ஜிப் லைன்' எல்லாம் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பூங்காக்களையும் பார்த்துவிட்டுக் கால் வலித்தால், அப்படியே கிழக்கே நடந்தால் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. 1952ல் திறந்த நியூ உட்லண்ட்ஸ் அங்கே இன்னும் நடக்கிறது. டபராவில்தான் காபி தருகிறார்கள். கார் நிறுத்தவும் இடம் உண்டு, இறங்கி உள்ளே போய்த்தான் சாப்பிட வேண்டும்.